மூத்தவள் வைத்த புள்ளிகள்

ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் இறங்கும்போது மாஸ்டருக்குக் காலை எங்கே வைக்கிறோம் என்றே தெரியவில்லை. இரண்டாம் தாரமான இளையவள்தான் முழங்கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். டாக்டரம்மா சொன்னது ஒன்றும் தலையில் இடி விழுகிற செய்தி இல்லை. மூன்று மாதம் ஒழுங்காக இருந்தால் சரியாகக்கூடியதுதான். ஆனால் அவர் நடுங்கியது அதற்காக இல்லை என்பது இளையவளுக்கு அப்போது தெரியாது.

மாஸ்டர் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. ரொட்டி பேக்கரியில் இருபத்திரண்டு வருஷமாக அடுப்பைக் கட்டி ஆள்கிறவர். நீளமான கட்டையால் தட்டுகளை அடுப்பின் வாய்க்குள் தள்ளுவதும், பதம் பார்த்து இழுப்பதும்தான் வேலை. அனல் நேராக இடுப்பில் வந்து மோதும். அது இல்லாத நேரத்தில் விரலிடுக்கில் சிகரெட். வயது நாற்பத்து நாலு. இளையவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கணினி முன் உட்கார்ந்து ஆர்டர் எடுக்கிறவள், முப்பத்து மூன்று. அவளைக் கட்டி மூன்று வருஷம் ஆகிறது. அவளுக்கு முன்னால் மூத்தவள் ஒருத்தி இருந்தாள்.

இளையவள் எதையும் முறையாகச் செய்ய நினைக்கிறவள். பிள்ளை உண்டாகட்டும் அப்புறம் டாக்டரிடம் போகலாம் என்று மாஸ்டர் சொன்னதற்கு, உண்டாவதற்கு முன்னாலேயே போக வேண்டும், இப்போது எல்லாரும் அப்படித்தான் என்றாள். டாக்டரம்மாவும் அதையே சொன்னார். இளையவளுக்கு ரத்தம் குறைவாக இருக்கிறது, இரும்புச் சத்து மாத்திரை. தைராய்டு கொஞ்சம் ஏறியிருக்கிறது, அதற்கு ஒன்று. பிள்ளையின் முதுகெலும்பும் மூளையும் நன்றாக உருவாக ஃபோலிக் ஆசிட் மாத்திரை, இன்றே தொடங்க வேண்டும். ஒரு தடுப்பூசி, போட்டபின் ஒரு மாதம் பொறுக்க வேண்டும். இளையவள் எல்லாவற்றையும் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டாள். மாஸ்டர் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிலத்தை உழுதா மட்டும் போதுமா, விதையைப் பார்க்க வேண்டாமா?" என்று டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

தனக்கும் பரிசோதனை என்றதும் அவர் நழுவப் பார்த்தார். முதலாளி விடமாட்டார், அடுத்த வாரம் வருகிறேன் என்றார். இளையவள், முதலாளியிடம் அவருக்காக அன்றைக்கு லீவு கேட்டுவிட்டதைச் சொன்னாள். தப்பிக்க வழியில்லை.

நான்கு நாள் கழித்து முடிவு வந்தது. விந்தணு எண்ணிக்கை மிகவும் குறைவு, இருப்பவையும் நீந்தத் திராணியில்லாமல் கிடக்கின்றன. அனல், புகை, நாலு மணி நேரத் தூக்கம், தொப்பை என்று டாக்டரம்மா விரல் விட்டு எண்ணினார். அடுப்பை விட்டு விலக வேண்டும். சிகரெட் கூடவே கூடாது. பக்கத்தில் இருக்கிறவளுக்கும் அது விஷம். தினமும் நடை. இன்று செய்வதன் பலன் இன்று தெரியாது, புதியது உருவாகி வர மூன்று மாதம் ஆகும் என்றார். பிறகு பேச்சோடு பேச்சாக, முதல் கல்யாணத்தில் குழந்தை இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றார் மாஸ்டர்.

"அப்போ உங்களைப் பரிசோதிச்சாங்களா?"

"பண்ணாங்க. எல்லாம் சரின்னு சொன்னாங்க."

டாக்டரம்மாவின் பேனா ஒரு நொடி நின்றது. அந்த ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேட்டதற்கு, தொலைந்துவிட்டது என்றார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் சொன்ன பொய், கூப்பிடாமலே நாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குத்தான் அவருக்குக் கால் நடுங்கியது.

நடந்தது இதுதான். கல்யாணமாகி ஐந்தாவது வருஷம் மூத்தவள் தனியாகப் போய் ஒரு டாக்டரைப் பார்த்தாள். உன்னிடம் குறை ஒன்றும் தெரியவில்லை, வீட்டுக்காரரை அனுப்பு என்று அவர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அவள் அதை மாமியார் முன்னால் நீட்டவில்லை. பேக்கரியின் பின்வாசலுக்கு வந்து, நாலாக மடித்து, மாஸ்டரின் கையில் வைத்துவிட்டுப் போனாள். மூன்று நாள் அது அவர் சட்டைப் பையில் இருந்தது. ஆண்பிள்ளைக்கு அப்படி ஒரு பரிசோதனை என்றால் ஊர் என்ன சொல்லும், முடிவு வேறு மாதிரி வந்துவிட்டால் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது என்றெல்லாம் யோசித்தார். நாலாவது நாள் அதை அடுப்பில் போட்டார். அன்று சாயங்காலம் ஏன் இன்னும் பிள்ளை இல்லை என்று அம்மா கேட்டபோது, "டாக்டரைப் பார்த்துட்டேன், எனக்கு ஒண்ணும் இல்லையாம்" என்றார். மூத்தவள் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நம்பிவிட்டாள்.

அதன்பின் மிச்சமிருந்த குறை அவளுடையதுதானே. அம்மா அவளை ஏழு மாதம் பாடாய்ப் படுத்தினாள். விடியும் முன் எழுந்து வராந்தாவில் நாற்பது சுற்று நடக்க வேண்டும். அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணுவாள். வெறும் வயிற்றில் யாரோ சொன்ன கசாயம். அந்தக் கசப்பு நாற்றம் மத்தியானம்வரை வீட்டை விட்டுப் போகாது. கருத்தரிக்கும் நாளைக் கணிக்க, எழுந்ததும் மூத்தவள் யாரிடமும் பேசாமல் நாக்குக்கு அடியில் தெர்மாமீட்டர் வைத்துச் சூடு பார்த்து, அதை எவர்சில்வர் டம்ளரில் போடுவாள். கண்ணாடி உலோகத்தில் படுகிற மெல்லிய சத்தம் கேட்கும். பிறகு ஒரு நாள் அம்மா அவளை அவள் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டு வந்தாள். வக்கீல் வந்தார், விவாகரத்துக் கையெழுத்துகள் ஆயின. மாஸ்டர் வாயைத் திறக்கவில்லை. அம்மா போய்ச் சேர்ந்து இப்போது ஐந்து வருஷம் ஆகிறது.

டாக்டரம்மா சொன்ன மூன்று மாதத்தை மாஸ்டர் ஒழுங்காகத்தான் தொடங்கினார். முதலாளியிடம் போய்ப் பேசி, அடுப்பை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, ரொட்டிக்குப் பை மாட்டும் மேசைக்கு வந்தார். யானைப் பாகனை ஆடு மேய்க்க விட்டுவிட்டார்களே என்று கூட இருந்தவர்கள் கிண்டலடித்தார்கள். அவரும் சிரித்தார். சிகரெட் நினைப்பு வரும்போதெல்லாம் கிராம்பைக் கடித்தார். பத்து மணிக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்து வராந்தாவில் நடந்தார்.

இரண்டாவது வாரம், நடந்து முடித்து வியர்வையோடு உள்ளே வந்தவருக்குக் கசாய நாற்றம் அடித்தது.

அடுப்பில் என்ன என்று கேட்டார். பால் என்றாள் இளையவள். அவர் குனிந்து பாலை முகர்ந்து பார்த்தார். பால்தான். ஆனால் நாற்றம் அலமாரிப் பக்கமிருந்து, சுவரிலிருந்து, எங்கிருந்தோ வந்துகொண்டே இருந்தது. புகை விட்டால் மூக்கு திறந்துகொள்ளும், இத்தனை நாள் மறந்த வாசனையெல்லாம் வரும் என்று இளையவள் தன் நோட்டைப் பார்த்துச் சொன்னாள். அவளுக்கு அதில் சந்தோஷம். அவர் பாலைத் தொடாமல் வேலைக்குக் கிளம்பினார்.

அடுத்து சத்தம். விடியற்காலை விழிப்பு வந்ததும், கண்ணைத் திறப்பதற்கு முன்னால், டம்ளரில் கண்ணாடி படுகிற அந்தச் சத்தம். இளையவள் பக்கத்தில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருப்பாள். வீட்டில் தெர்மாமீட்டரே கிடையாது. ஒரு நாள் எழுந்து போய் எவர்சில்வர் டம்ளர்களை எல்லாம் எடுத்து மேல் அடுக்கில் கவிழ்த்து வைத்தார். மறுநாளும் கேட்டது.

வராந்தாவில் நடக்கும்போது கூடவே ஒருத்தி நடந்தாள். பேய் பிசாசு என்று அவர் நம்புகிறவர் அல்ல; மூத்தவள் உயிரோடு இருக்கிறாள் என்பதும் தெரியும். ஆனால் அவர் அடி வைத்து அரை அடி பிந்தி இன்னொரு அடி விழுந்தது. அவர் நின்றால் அதுவும் நின்றது. கடைசி மூலையில் திரும்பும்போது, நாற்காலி போட்டு அம்மா உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்க்காமல் திரும்பக் கற்றுக்கொண்டார். இருபத்தேழு, இருபத்தெட்டு என்று யாரோ எண்ணுவது கேட்டுவிடுமோ என்று பயம். உடம்பு என்னவோ தேறியது. தொப்பை இறங்கியது, படியேறினால் மூச்சு வாங்கவில்லை. ஆனால் கண்ணுக்கடியில் கருப்பு விழுந்தது.

ஒன்றரை மாதம் ஆனபோது, மாத்திரைப் பெட்டிகளை ஒரே இடத்தில் வைக்கலாம் என்று இளையவள் சமையலறை அலமாரியை ஒழித்தாள். கீழ்க்கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்த பழைய காகிதத்தை உரித்தபோது, அதற்கடியில் பென்சில் புள்ளிகள் வரிசை வரிசையாக இருந்தன. ஒரு வரிக்கு இருபத்தெட்டு, முப்பது. நடுவில் சில புள்ளிகளைச் சுற்றி வட்டம். ஒவ்வொரு வரியும் ஒரு சின்னப் பெருக்கல் குறியோடு முடிந்தது. மாதவிலக்கை எண்ணத் தெரிந்த எந்தப் பெண்ணுக்கும் அது என்ன என்று விளங்கும்.

மாஸ்டர் வேலை விட்டு வந்ததும் கதவைத் திறந்து காட்டினாள். முன்னால் குடியிருந்தவர்கள் யாரோ கிறுக்கியிருப்பார்கள் என்றார் அவர். அவள் கதவை மூடினாள். அந்த அலமாரியை இந்த வீட்டுக்கு வந்தபின் தச்சரை வைத்துச் செய்ததாக அவரே ஒரு முறை அவளிடம் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

மூன்றாவது நாள் சாப்பிட்டு முடித்துத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டாள்.

"நாலரை வருஷப் புள்ளிங்க. உட்கார்ந்து எண்ணினேன். ஒரு மாசம்கூட முறை தப்பல, அவங்ககிட்ட குறை இருந்த மாதிரி தெரியல. உங்களுக்கு அப்போ டெஸ்ட் பண்ணாங்களா இல்லையா? உண்மையைச் சொல்லுங்க."

அவர் கை கழுவ எழுந்தார். எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று பார்த்தால், சோறுதான் தீர்ந்துபோகிறது. சீட்டு, சட்டைப் பை, அடுப்பு, அம்மா என்று எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிக்கும்போது கையில் ஒட்டியிருந்த சோறு காய்ந்துவிட்டிருந்தது.

இளையவள் அழவில்லை. திட்டவும் இல்லை. நான் மட்டும் அன்றைக்கு லீவு சொல்லியிருக்காவிட்டால், எனக்கும் இதே கதவில் இடம் ஒதுக்கியிருப்பீர்களா என்று கேட்டாள். அவள் மாத்திரை டப்பாவை எடுத்து மூடி மேசைமேல் வைத்தாள்.

"போய் அவங்ககிட்டச் சொல்லுங்க. சொல்லிட்டு வர்ற வரைக்கும் நான் இதைத் தொடமாட்டேன். இப்படி ஒரு வீட்டுல எனக்குப் பிள்ளை வேண்டாம்."

மூத்தவள் வேலை பார்க்கும் இடத்தை விசாரிப்பது கஷ்டமாக இல்லை. ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கூடம். ஊரின் மறுகோடியில் தகரக் கூரை போட்ட பெரிய கட்டடம். உள்ளே ராட்சத எந்திரங்கள் சுழன்றுகொண்டிருந்தன. நீராவியும் வெளுப்பு மருந்தின் நெடியும் கண்ணைக் கரித்தன. மூத்தவள் நீளமான மேசையின் முனையில் நின்று, மடித்து வரும் விரிப்புகளில் கறையோ கிழிசலோ இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்கிக்கொண்டிருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. அவரைப் பார்த்ததும் கையிலிருந்த விரிப்பை மடித்து முடித்துவிட்டுத்தான் வந்தாள்.

பின்பக்கம், துணித் தள்ளுவண்டிகள் நிறுத்தும் இடத்தில் நின்றார்கள். உட்காரச் சொல்ல அங்கே நாற்காலி இல்லை. அவர் ஒத்திகை பார்த்து வந்ததெல்லாம் மறந்துவிட்டது.

"அந்த டெஸ்ட்டுக்கு நான் போகவே இல்லை," என்றார். "இப்பத்தான் போனேன். குறை என்கிட்டதான்."

எந்திரம் ஒன்று உள்ளே சுழன்று நின்றது. அவள் ஒரு தள்ளுவண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தச் சீட்டை என்ன பண்ணீங்க?"

"அடுப்புல போட்டேன்."

"அப்போ எனக்கு இருபத்தொன்பது வயசு."

அவள் மேலே பேசியபோது குரல் உயரவில்லை. யாருடைய கதையையோ சொல்கிற மாதிரி சொன்னாள். இங்கே துணி வண்டி ஓட்டுகிறவர் ஒருவர் இருந்தார். மனைவியை இழந்தவர், நல்ல மனிதர். இரண்டு முறை அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டார். பிள்ளை என்றால் அவருக்கு உயிர் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பிள்ளை பிறக்காது, உங்கள் ஆசையில் மண்ணைப் போடமாட்டேன் என்று அவள்தான் அனுப்பிவைத்தாள். அவர் வேறு ஒருத்தியைக் கட்டினார். இப்போது அவருக்கு இரண்டு பிள்ளைகள். சில நாள் வண்டியில் கூட்டிவருவார்.

"எனக்கு இப்போ நாற்பத்தொண்ணு, மாஸ்டர்," என்றாள். ஐந்து வருஷம் 'என்னங்க' என்று கூப்பிட்ட வாய். "டாக்டர் உடம்பைச் சுத்தம் பண்ணச் சொல்லியிருப்பாங்க. அப்படியே மனசையும் வெளுத்துக்கலாம்னு இங்க கொண்டுவந்தீங்களா?"

மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். அந்த வார்த்தை தனக்கு எந்த உபயோகத்துக்கும் வராது என்றாள். செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்கு வந்து, அண்ணன், அண்ணி, வளர்ந்த பிள்ளைகள் எல்லாரும் இருக்கும்போது, இப்போது சொன்னதை அப்படியே சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டில் எந்தக் குழந்தையை அவள் தூக்கினாலும், அண்ணி ஏதோ சாக்குச் சொல்லி ஓடிவந்து வாங்கிக்கொள்வாள். "அவங்களுக்குத் தெரியட்டும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்." இதைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை போனார். கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் அவரை அடையாளம் கண்டு, வா என்றும் சொல்லாமல் போ என்றும் சொல்லாமல் பார்த்தார். மாஸ்டர் நின்றபடியே சொன்னார். தண்ணீர் கொடுக்க யாரும் எழவில்லை. கடைசிவரை சொல்லி முடித்தார். அண்ணன் எழுந்து டிவியை நிறுத்தினார். அந்த நிசப்தத்தில் அண்ணி புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு விசும்புவது கேட்டது. உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது. அதற்குப் பின்னால் மூத்தவள் நிற்கிறாள் என்று அவருக்குத் தெரியும். அவள் வெளியே வரவில்லை.

"என் தங்கச்சிகிட்ட நானே கேட்டிருக்கேன், உனக்கு என்ன குறைன்னு," என்றார் அண்ணன். பிறகு வாசலைக் காட்டி, "போயிடுங்க," என்றார்.

மாஸ்டர் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். இளையவள் கேட்டுக்கொண்டாள். அன்று அவள் மாத்திரை போடவில்லை, மறுநாளும் இல்லை. ஒரு வாரம் கழித்து ஒரு காலை, அவர் பார்க்கும்படி ஒன்றை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். உங்களுக்காக இல்லை, எனக்கு ஆசை இருக்கிறது, அதற்காக என்றாள். பேச்சுவார்த்தை மெதுவாகத் திரும்பியது. பழைய மாதிரி இல்லை, ஆனால் திரும்பியது.

சொல்லிவிட்டால் எல்லாம் ஓய்ந்துவிடும் என்று மாஸ்டர் உள்ளுக்குள் நம்பியிருந்தார். ஓயவில்லை. நாற்றம் அடித்தது, விடியலில் அந்தச் சத்தம் கேட்டது, வராந்தாவில் அரை அடி பிந்திய அடி கூடவே வந்தது. ஒரே ஒரு வித்தியாசம், இப்போது அவர் அதைவிட்டு ஓடப் பார்க்கவில்லை. முதல் சுற்றைத் தொடங்கும்போது சுவரோரமாக ஒதுங்கி, அவளுக்கு இடம் விட்டு நடந்தார். அலமாரிக் கதவுக்கு வண்ணம் அடிக்கலாமா என்று கேட்டதற்கு, வேண்டாம், இருக்கட்டும் என்று இளையவள் சொல்லிவிட்டாள்.

மூன்று மாதம் முடிந்து பரிசோதித்தபோது எண்ணிக்கை ஏறியிருந்தது. டாக்டரம்மா மகிழ்ந்துபோய், நூற்றுக்கு அறுபது மார்க் என்றார். மாஸ்டர் பழைய ரிப்போர்ட் விஷயத்தை அவரிடமும் சொன்னார். அன்றைக்கு இருந்த நிலையை இன்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது, ஒருவேளை அப்போது நன்றாகவும் இருந்திருக்கலாம் என்று டாக்டரம்மா யோசித்துச் சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னாரா என்று தெரியாது. இனி அது தெரியவே வழியில்லை என்பதை வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மாஸ்டர் நினைத்துக்கொண்டே வந்தார்.

அதற்கு ஐந்தாம் மாதம் இளையவளுக்கு நாள் தள்ளிப்போனது. இரண்டு கோடு விழுந்த குச்சியை அவள் கொண்டுவந்து காட்டியபோது, அவர் அதைக் கையில் வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூத்தவளுக்குச் சொல்ல வேண்டுமா என்று அவர் கேட்டார்.

"நமக்கு இது நல்ல சேதி. அவங்களுக்கு இது என்ன சேதி?" என்றாள் இளையவள். மூத்தவளுக்கு அவர் சொல்லவில்லை.

ஆனால் ஒரு முறை அண்ணனிடமிருந்து போன் வந்தது. தங்கச்சி வீட்டை விட்டுப் போய்விட்டாள், சலவைக்கூடத்துக்குப் பக்கத்தில் தனியாக ஓர் அறை எடுத்துக்கொண்டாள், யார் கூப்பிட்டும் வரமாட்டேன் என்கிறாள் என்றார். அண்ணி தினமும் சாப்பாடு கொண்டுபோய் வாசலில் நின்றுவிட்டு வருகிறாளாம். இதெல்லாம் உங்களால் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். நல்லது நடந்தது என்றாரா, கெட்டது என்றாரா, மாஸ்டருக்கு விளங்கவில்லை. ஒருவேளை அண்ணனுக்கும் விளங்கியிருக்காது.

பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதல், நல்ல குரல். மாஸ்டர் ஒரு வாரம் லீவு முடிந்து பேக்கரிக்குப் போன அன்று, எல்லாரும் மேசையைச் சுற்றி நின்றுகொண்டார்கள். அடுப்புக்காரர் முதுகில் தட்டினார்.

"நாற்பத்தஞ்சு வயசுல சாதிச்சுட்டீங்களே மாஸ்டர். என்ன ரகசியம், எங்களுக்கும் சொல்லுங்க."

"மூணு மாசம் ஒழுங்கா இருந்தேன்," என்றார் அவர். "பதிமூணு வருஷம் முன்னாடியே இருந்திருக்கலாம்."

நல்ல நகைச்சுவை என்று எல்லாரும் சிரித்தார்கள். யாரோ தேநீர் கொண்டுவந்தார்கள். மாஸ்டர் ஒரு வாய் குடித்துவிட்டு வேலையைத் தொடங்கினார்.